கணினி கேள்வி பதில்: பிங் வந்தால் பதில் சொல்லாமல் இருக்க வைப்பது எப்படி?

கேள்வி: வீட்டுக் கணினி பாதுகாப்பாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் ஒரு இணையதளத்தில் சோதித்துப் பார்த்தேன். எல்லாம் பச்சையாக வந்தது, ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு. "உங்கள் கணினி பிங் கேள்விக்குப் பதில் தருகிறது" என்கிறது. விண்டோஸ் ஃபயர்வாலில் பிங்கைத் தடுத்தேன், ரீஸ்டார்ட் செய்தேன், திரும்பச் சோதித்தால் அதே சிவப்பு. மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். எங்கே தவறு?

பதில்: நீங்கள் செய்ததில் தவறே இல்லை, செய்த இடம்தான் வேறு. பிங் என்பது "அங்கே இருக்கிறாயா?" என்று ஒரு முகவரிக்கு அனுப்பும் சின்னக் கேள்வி. அந்தத் தளத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது உங்கள் கணினி அல்ல, உங்கள் ரவுட்டர்.

வீட்டு இணைப்புக்கு வெளியுலகம் கொடுத்திருக்கும் ஐபி முகவரி ஒன்றுதான், அது ரவுட்டரிடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கணினி, மொபைல், டிவி எல்லாவற்றுக்கும் ரவுட்டர் தன் இஷ்டத்துக்கு 192.168 என்று தொடங்கும் முகவரிகளைப் பிரித்துக் கொடுத்திருக்கும். வெளியிலிருந்து பிங் வரும்போது அது ரவுட்டர் வாசலோடு நின்றுவிடுகிறது, ரவுட்டரே பதிலும் சொல்லி அனுப்பிவிடுகிறது. உங்கள் கணினிக்கு இப்படி ஒன்று வந்துபோனதே தெரியாது, அதனால் அதில் எத்தனை ரூல் போட்டாலும் அந்தச் சிவப்பு வரி மாறப்போவதில்லை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். அந்தச் சோதனைத் தளத்திலேயே உங்கள் ஐபி முகவரியும் தெரியும், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள், ஸ்லீப்பில் போடுவது போதாது. மொபைலில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு வந்து, ஏதாவது ஒரு பிங் ஆப்பில் அந்த முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பதில் வரும். அணைந்து கிடக்கும் கணினி பதில் சொல்லாது இல்லையா?

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆசை இருந்தால் வந்த பதிலில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும், அதைக் கவனியுங்கள், பலரும் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு பாக்கெட், அதாவது இணையத்தில் போகும் தகவல் துண்டு, கிளம்பும்போதே ஒரு எண்ணைச் சுமந்துகொண்டு கிளம்புகிறது, வழியில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதில் 1 குறையும், 0 ஆகிவிட்டால் பாக்கெட்டை அங்கேயே கைவிட்டுவிடுவார்கள், வழி தவறியது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விண்டோஸ் 128-ல் தொடங்கும். லினக்ஸும் மேக்கும் 64-ல் தொடங்கும். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். ஆக உங்களுக்கு வந்த பதிலில் 52, 55 என்று ஏதாவது இருந்தால் அது 64-ல் கிளம்பிப் பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தாண்டி வந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் விண்டோஸ் கணினி அனுப்பியிருந்தால் 116 மாதிரி ஒரு எண் வந்திருக்கும். சில ரவுட்டர்கள் 255-ல் தொடங்கும், அப்போது எண் இருநூற்றுச் சொச்சமாக இருக்கும், அதுவும் விண்டோஸ் இல்லை என்பதற்கே சாட்சி.

சரி, இனி நிறுத்தும் வேலை. விண்டோஸில் கமாண்ட் விண்டோவைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று கொடுத்தால் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் ரவுட்டரின் முகவரி இருக்கும், அதை பிரவுசரில் அடித்து ரவுட்டருக்குள் போங்கள். செக்யூரிட்டி, ஃபயர்வால், அட்வான்ஸ்டு, வான் (WAN, வெளி இணைய இணைப்பு) செட்டிங்ஸ் ஆகிய இடங்களில் ஏதோ ஒன்றில் பிங் பற்றி ஒரு வரி ஒளிந்திருக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு ரவுட்டரில் அந்த வரி "ரெஸ்பாண்ட் டு பிங்" என்று இருக்கும், அதில் டிக்கை எடுக்க வேண்டும். இன்னொன்றில் "பிளாக் வான் பிங்" என்று இருக்கும், அதில் டிக் போட வேண்டும். அவசரத்தில் மாற்றிச் செய்துவிட்டால் மூடியிருந்ததைத் திறந்துவிட்ட கதையாகிவிடும், அதனால் சேவ் செய்தபின் மொபைல் டேட்டாவிலிருந்து மறுபடி ஒருமுறை பிங் செய்து பார்ப்பது அவசியம்.

அப்படியும் பதில் வந்துகொண்டே இருந்தால் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்ன என்று பாருங்கள். அங்கே இருக்கும் முகவரியும் சோதனைத் தளம் காட்டும் முகவரியும் வேறு வேறாக இருந்தால், குறிப்பாக ரவுட்டரில் இருப்பது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. பதில் சொல்வது அவர்களுடைய இயந்திரம். அதில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, கவலைப்படவும் ஒன்றுமில்லை, நிம்மதியாக விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் கணினியில் பிங்கைத் தடுப்பது வீண் வேலையா? தடுப்பதென்றால் எப்படித் தடுப்பது?

பதில்: வீட்டோடு கிடக்கும் கணினிக்கு அவ்வளவு தேவை இல்லை. லேப்டாப் என்றால் தேவை. அதை எடுத்துக்கொண்டு வெளியே போய் யாருடைய வைஃபையிலோ சேரும்போது உங்கள் ரவுட்டர் கூட வருவதில்லை, அந்த வைஃபையில் இருக்கும் முன்பின் தெரியாத ஆட்களும் உங்கள் லேப்டாப்பும் ஒரே அறையில் உட்கார்ந்த மாதிரிதான்.

விண்டோஸ் இயல்பாகவே பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்ததிலிருந்து ஃபயர்வால் தானாகவே ஆன் ஆகித்தான் வருகிறது. ஆனால் எப்போதாவது ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்திருப்பீர்கள், அது கூடவே பிங்குக்கான வழியையும் திறந்துவிடும், இது தெரியாமல் "நான் எதையுமே தொடவில்லையே" என்று எழுதுகிறவர்கள் நிறைய. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, இடது பக்கம் இன்பவுண்ட் ரூல்ஸைத் தொட்டால் நீளமான பட்டியல் வரும். அதில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் என்று தொடங்கி, பெயரில் எக்கோ ரிக்வெஸ்ட் (பிங் கேள்விக்கு அங்கே அதுதான் பெயர்) என்று வரும் ரூல்களைத் தேடுங்கள். ஒன்றுக்கு மேல் இருக்கும், ஐபி முகவரியின் பழைய முறையான ஐபிவி4-க்கும் புதிய முறையான ஐபிவி6-க்கும் தனித்தனி, பிரைவேட், பப்ளிக் என்றும் தனித்தனி. பச்சை டிக் இருப்பதை ரைட் கிளிக் செய்து டிசேபிள் செய்யுங்கள். எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையென்றால் நியூ ரூல், கஸ்டம் என்று போய் புரோட்டோகாலில் ஐசிஎம்பிவி4 (பிங் போய்வருவது ஐசிஎம்பி என்ற இந்த முறையில்தான்) தேர்ந்து, அதன் கஸ்டமைஸ் பட்டனில் எக்கோ ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் டிக் போட்டு, பிளாக் என்று முடித்துவிடலாம். விண்டோஸில் ஒரு ரூல் அனுமதித்து இன்னொன்று தடுத்தால் தடுப்பதுதான் ஜெயிக்கும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஃபயர்வால் என்று போய் முதலில் ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள், அப்புறம் ஆப்ஷன்ஸில் ஸ்டெல்த் மோட். அவ்வளவுதான். லினக்ஸில் அதன் மையப் பகுதியான கர்னலே இதற்கு ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறது, சிஸ்கண்ட்ரோல் செட்டிங்குகளில் ஐபிவி4-க்குக் கீழே ஐசிஎம்பி எக்கோ இக்னோர் ஆல் என்ற பெயரில். இயல்பாக 0, அதை 1 ஆக்கினால் வாய் திறக்காது. டெர்மினலில் மாற்றினால் ரீஸ்டார்ட்டில் பழையபடி ஆகிவிடும், நிரந்தரமாக வேண்டுமென்றால் சிஸ்கண்ட்ரோல் கான்ஃபிக் ஃபைலில் எழுத வேண்டும்.

கேள்வி: எதற்கு ஒவ்வொன்றாகத் தேடுவது என்று ஐசிஎம்பியையே மொத்தமாகத் தடுத்துவிட்டேன். இதுதானே இன்னும் பாதுகாப்பு?

பதில்: தயவுசெய்து இன்றே அதை எடுத்துவிடுங்கள். இதில் நான் பட்டிருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் நானும் இதே எண்ணத்தில் ஒரு ஃபயர்வால் மென்பொருளில் ஐசிஎம்பி மொத்தத்துக்கும் தடை போட்டேன். நெட் நன்றாகவே ஓடியது. பக்கங்கள் திறந்தன, அரட்டை நடந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு மெயிலில் நாலைந்து போட்டோ வைத்து அனுப்பினேன், போகவில்லை. வெறும் எழுத்து மட்டும் இருக்கும் மெயில் உடனே போகிறது, போட்டோ வைத்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் பச்சைப் பட்டை பாதியில் கூட இல்லை, தொடக்கத்திலேயே நின்று அப்படியே பல நிமிடம் நின்று கடைசியில் பிழை என்று வருகிறது. மெயில் சர்வரைச் சந்தேகித்தேன், கேபிளை மாற்றினேன், மோடத்தை மாற்றக்கூடக் கேட்டுவிட்டேன்.

காரணம் இதுதான். கணினி தன் நெட்வொர்க் கார்டைப் பார்த்து ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறது. என் இணைப்பு பிபிபிஓஇ வகை, அது தன் தலைப்புக்காக 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492-க்கு மேல் போகாது. 1500 பைட் பாக்கெட் வந்தால் ரவுட்டர் அதைக் கைவிட்டுவிட்டு "இவ்வளவு பெரிதாக அனுப்பாதே, சின்னதாக அனுப்பு" என்று ஒரு சேதி திருப்பி அனுப்பும். அந்தச் சேதியும் ஐசிஎம்பிதான், வகை 3, குறியீடு 4. நான்தான் ஐசிஎம்பிக்குக் கதவைச் சாத்திவிட்டேனே, சேதி உள்ளே வரவில்லை, கணினி மறுபடி மறுபடி அதே 1500-ஐ அனுப்பிக்கொண்டே இருந்தது. எழுத்து மெயில் சின்னது, அதனால் பிழைத்தது. விபிஎன் வழியாக வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம் நடக்கும், அங்கே ஒரு பாக்கெட்டில் கொள்ளும் அளவு இன்னும் குறைவு.

ஐசிஎம்பி என்பது பிங்குக்காக மட்டும் உண்டானது அல்ல. இணையத்தில் ஒரு பாக்கெட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும் தபால்காரர் அது, 1981-லேயே அதன் விதிகளை எழுதிவிட்டார்கள். பிங் கேள்வி அதில் வகை 8, பதில் வகை 0. நீங்கள் தடுக்க வேண்டியது உள்ளே வரும் வகை 8-ஐ மட்டும். மற்றவற்றில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: பிங்குக்குப் பதில் சொல்லாவிட்டால் ஹேக்கர்களின் கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேன் என்று படித்தேன். உண்மையா?

பதில்: இல்லை. இந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் இதை நம்பிவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த அறிவுரைக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. 2003 ஆகஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே மாதத்தில் இரண்டு வார்ம்கள், அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் கிருமி மென்பொருள்கள், கிளம்பின. ஒன்று வெல்ச்சியா, அது ஒரு முகவரிக்கு முதலில் பிங் அனுப்பும், பதில் வந்தால்தான் தாக்கும். பிங்கை அடைத்து வைத்திருந்தவர்கள் அதனிடமிருந்து தப்பினார்கள். இன்னொன்று அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்த பிளாஸ்டர், அது பிங்கெல்லாம் கேட்கவே இல்லை, நேராக 135-ஆம் போர்ட்டைத் தட்டியது (போர்ட் என்பது கணினியில் எண் போட்ட வாசல் மாதிரி). பிங்கை அடைத்தவர், அடைக்காதவர் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை, விண்டோஸ் அப்டேட் போடாத, ஃபயர்வால் இல்லாத கணினி என்றால் உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் வந்தவை பெரும்பாலும் பிளாஸ்டர் வழியில்தான் வந்தன. 2017 மே மாதத்தில் உலகையே கலங்கடித்த வன்னாக்ரை 445-ஆம் போர்ட்டை நேராகத் தட்டியது.

இப்போது பிங் கேட்டு நேரத்தை வீணாக்க யாருக்கும் அவசியமே இல்லை. ஐபிவி4-இல் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். 2013-இல் மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப் என்ற மென்பொருள், நல்ல வேகமான ஒரே இணைப்பிலிருந்து, ஒரு குறிப்பிட்ட போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று அத்தனையையும் முக்கால் மணி நேரத்தில் தட்டிப் பார்த்துவிடும். இதே மாதிரி தேடும் என்மேப் என்ற இன்னொரு மென்பொருளில் "பிங் பார்க்காமல் நேரே போ" என்பதற்கு ஒரு ஆப்ஷனே இருக்கிறது.

இன்னொன்று, ஒரு முகவரியில் உண்மையிலேயே யாரும் இல்லை என்றால் அதற்கு முந்தைய ரவுட்டர் பல சமயம் "அங்கே யாரும் இல்லை" என்று தகவல் சொல்லும். அந்தத் தகவலும் இல்லை, பதிலும் இல்லை, ஒரே அமைதி என்றால் உள்ளே யாரோ இருந்துகொண்டு கதவைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர் ஊகித்துவிடுவார்.

அதனால் ரவுட்டருக்குள் போய்விட்டீர்கள் இல்லையா, பிங் டிக்கை மாற்றிய கையோடு இதையும் பாருங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் எப்போதோ எதற்கோ திறந்துவிட்டது ஏதாவது இருக்கிறதா, குறிப்பாக ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஆம் போர்ட்? ரவுட்டரையே வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மெண்ட் ஆனில் இருக்கிறதா? யுபிஎன்பி ஆனில் இருந்தால் உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும், தேவை இல்லையென்றால் அணையுங்கள். ரவுட்டர் வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டே இன்னும் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ரவுட்டரின் ஃபர்ம்வேர் அப்டேட்டை நம்மில் முக்கால்வாசிப் பேர் ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டோம், அதையும் பாருங்கள். இந்த அரை மணி நேர வேலை தரும் பாதுகாப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட பிங்கை அடைப்பது தராது.

கேள்வி: எங்கள் இணைப்பில் ஐபிவி6 இருக்கிறது. அதற்கும் ரவுட்டரில் அடைத்தால் போதுமா?

பதில்: இங்கே கணக்கு மாறுகிறது. ஐபிவி6-இல் உங்கள் கணினிக்கே சொந்தமாக ஒரு பொது முகவரி இருக்கும், 2 அல்லது 3 என்று தொடங்குவது அதுதான். வெளியிலிருந்து வரும் பிங் ரவுட்டரோடு நிற்காமல் கணினி வரை வரலாம், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் அதை விடுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. முதல் வேலையாக அந்த ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியிலும் எக்கோ ரிக்வெஸ்ட் ரூலின் ஐபிவி6 பதிப்பை மறக்காமல் அணையுங்கள், பலர் ஐபிவி4-ஐ மட்டும் அணைத்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமாகத் தடுத்தால் போட்டோ மெயில் நிற்பதோடு போகாது, இணைப்பே நின்றுவிடும். பக்கத்துக் கருவி எது, ரவுட்டர் எங்கே என்று ஐபிவி6 கண்டுபிடிப்பதே அதன் மூலம்தான். வழியில் இருக்கும் ரவுட்டர்கள் ஐபிவி6 பாக்கெட்டைப் பிரித்து அனுப்புவதும் கிடையாது, "பெரிதாக இருக்கிறது" என்ற சேதி கணினிக்கு வந்தே ஆக வேண்டும்.

உண்மையைச் சொன்னால் ஐபிவி6-இல் பிங்கைப் பற்றி நான் அலட்டிக்கொள்வதே இல்லை. ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் ஒரு 64 பிட் துண்டில் மட்டும் இருக்கும் முகவரிகளை, நொடிக்குப் பத்து லட்சம் வீதம் ஒருவர் பிங் செய்து தேடினாலும் முடிக்க 5,80,000 வருடங்களுக்கு மேல் ஆகும்.

கேள்வி: பிங் என்பது எதன் சுருக்கம்?

பதில்: எதன் சுருக்கமும் இல்லை. நீர்மூழ்கியின் சோனார் எழுப்பும் ஒலி அது, ஒலி போய் மோதித் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்வார்களே, அதுதான். அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில், நெட்வொர்க் ஒன்று சரியாக ஓடவில்லை என்று ஒரே மாலையில் உட்கார்ந்து எழுதிய சுமார் ஆயிரம் வரி புரோகிராம் இது. விரிவாக்கமெல்லாம் பின்னால் மற்றவர்கள் ஒட்டியது. அன்றைய இணையத்தில் பதில் சொல்வதுதான் மரியாதை. மரியாதை மட்டுமல்ல, 1989-இல் வந்த விதிநூல் ஒவ்வொரு கணினியும் எக்கோவுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது.

கேள்வி: நான் நிறைய ஆன்லைன் கேம் ஆடுகிறேன். இதை அடைத்தால் கேமில் பிங் ஏறிவிடுமா?

பதில்: ஏறாது. கேமில் நீங்கள் பார்க்கும் பிங் உங்கள் பக்கமிருந்து சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம். நாம் அடைப்பது வெளியாட்கள் கேட்கும் கேள்வியை மட்டும். நீங்கள் யாரையாவது பிங் செய்தால் அந்தப் பதில் வழக்கம்போல உள்ளே வரும், ஃபயர்வால் நீங்கள் கேட்டது என்று நினைவில் வைத்திருந்து அதை விட்டுவிடும்.

கேள்வி: வெளியூரில் இருக்கும்போது வீட்டு இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க பிங்கைத்தான் நம்பியிருக்கிறேன். அடைத்துவிட்டால் நான் என்ன செய்வது?

பதில்: அப்படியானால் அடைக்காதீர்கள். திறந்த போர்ட் எதுவும் இல்லாத, அப்டேட் ஆன ஒரு ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதால் பெரிய கேடு வந்துவிடாது, உங்களுக்கோ அது பயன்படுகிறது. உங்கள் ரவுட்டரில் வசதி இருந்தால் எந்த முகவரியிலிருந்து பார்ப்பீர்களோ அதற்கு மட்டும் அனுமதி கொடுத்து மற்றவர்களுக்கு அடைக்கலாம், ஆனால் நீங்கள் பார்க்கும் இடத்தின் முகவரி அடிக்கடி மாறாததாக இருக்க வேண்டும், மொபைல் டேட்டாவுக்கு இது ஒத்துவராது.